பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எந்த வருடத்து இன்ஜின் என்பதே முதல் கேள்வி

பயன்படுத்திய கார் வாங்கப் போகும் எவரும் விற்பவரிடம் முதலில் கேட்பது, "எந்த வருஷ மாடல்?" என்றுதான். பதில் வந்த உடனேயே மனம் ஒரு கழித்தல் கணக்குப் போடுகிறது: வண்டிக்கு இத்தனை வயது, ஆகவே இவ்வளவு விலை. தினமும் அலுவலகம் போய்வரும் சாதாரண காருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் போதும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அது போதாது. பல நேரங்களில் தவறான வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஸ்போர்ட்ஸ் கார் குறைந்த எண்ணிக்கையில் தயாராகிறது, இன்ஜினை அதன் எல்லைவரை விரட்டுவதற்காகவே வாங்கப்படுகிறது, புதிய தொழில்நுட்பம் பலவும் அதில்தான் முதலில் ஏறுகிறது. அதன் குறைகள் தொழிற்சாலைச் சோதனையில் முழுவதும் வெளிப்படுவதில்லை. வாங்கியவர்கள் ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டிய பிறகே தெரியவருகின்றன. தயாரிப்பாளரும் விளம்பரம் இல்லாமல் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போகிறார். ஆகவே மாடல் வருடத்தை ஒரு புத்தகத்தின் பதிப்பு எண்ணைப் போலப் படிக்க வேண்டும்: எந்தப் பிழை எந்தப் பதிப்பில் நுழைந்தது, எந்தப் பதிப்பில் நீங்கியது என்று. கையிலுள்ள பணத்துக்கு அகப்படும் மிகப் புதிய வண்டியைத் தேடுவதைவிட, பெரிய பிழை நீங்கிய வண்டியைத் தேடுவதே விவேகம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

இதை விளக்க ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 1990-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் கடும் பண நெருக்கடியில் இருந்தது. விற்பனை சரிந்திருந்தது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பெரிதாக உதவாத வெவ்வேறு வகை வண்டிகளைத் தயாரித்ததால் செலவும் எகிறியிருந்தது. அதிலிருந்து மீள்வதற்காக இரண்டு வண்டிகளை ஒரே குடும்பமாகத் திட்டமிட்டார்கள். 1996-ல் கூரை திறக்கும் பாக்ஸ்டர் வந்தது. 1997-ல், நிறுவனத்துக்குள் 996 என்று எண்ணிடப்பட்ட புதிய 911 வந்தது. முன்பக்கப் பாகங்களில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொது. இன்ஜினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. 1963-ல் அறிமுகமான நாள் முதல் காற்றாலேயே குளிர்விக்கப்பட்டுவந்த 911-ன் இன்ஜின், இந்தத் தலைமுறையில்தான் தண்ணீருக்கு மாறியது. நிறுவனம் தலைநிமிர்ந்தது. வண்டிகளும் ஓட்டுவதற்கு அருமையாக இருந்தன. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், வாழ்நாளில் ஒரு போர்ஷேயாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படும் நடுத்தர வருமானக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் நிற்பவை இந்தத் தலைமுறை வண்டிகள்தான். அதனாலேயே எந்த வருடம் என்ற கேள்வி இங்கே கூர்மையாகிறது.

அந்த இன்ஜினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சங்கிலி வழியாக வாங்கி, இருபுறமுள்ள கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கடத்துவது அதன் வேலை. வால்வுகள் சரியான நொடியில் திறந்து மூடுவது இந்தத் தண்டு தடம் மாறாமல் சுற்றுவதைப் பொறுத்தது. காற்றால் குளிர்ந்த பழைய 911-லும் இத்தகைய தண்டு இருந்தது; ஆனால் அது சாதாரண பேரிங்கில் உட்கார்ந்து, அழுத்தத்தோடு வரும் இன்ஜின் ஆயிலில் மிதந்தபடி சுற்றியது. புதிய இன்ஜினில் கியர்பாக்ஸ் பக்க முனைக்கு, உள்ளே கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பால் பேரிங்கைப் பொருத்தினார்கள். சைக்கிள் கடைக்காரருக்கும் பழக்கமான சாதாரணப் பொருள்தான் அது. நாளடைவில் அதன் மூடியைத் தாண்டி இன்ஜின் ஆயில் கசிந்து உள்ளே போகிறது. கிரீஸ் கரைந்து கழுவப்படுகிறது. போதிய மசகு இல்லாமல் குண்டுகள் தேய்கின்றன. ஒருநாள் பேரிங் உடைந்தால் தண்டு ஆட்டம் கொடுக்கும், சங்கிலி தடம் பிசகும், பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்திருக்கும். இரண்டும் மோதும் அந்தக் கணத்தோடு இன்ஜினின் கதை முடிந்துவிடும். பெரும்பாலும் முன்னெச்சரிக்கை எதுவும் இருக்காது. கையளவு பாகம் ஒன்று உடைந்ததற்கு முழு இன்ஜினையும் மாற்ற வேண்டிவரும். பழைய பாக்ஸ்டர் என்றால் அந்தச் செலவு வண்டியின் விலையையே தொட்டுவிடும்.

இந்த ஒரு பாகம் வருடவாரியாக எப்படி மாறியது என்பதைக் கவனித்தால், 'புதியதுதான் நல்லது' என்ற நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. 1990-களின் இறுதி வண்டிகளில் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. அது ஒப்பீட்டளவில் உறுதியானது, உடைந்த செய்திகள் குறைவு. 2000, 2001 வாக்கில் அதை ஒற்றை வரிசைப் பேரிங்காக மாற்றினார்கள். மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. அந்த வருடங்களில் இரண்டு வகையும் கலந்தே வெளிவந்தன. 2005 வரை நீடித்த இந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் மிக அதிகமாகப் பழுதானது. 2005 மறுபடியும் ஒரு கலப்பு வருடம். அதன் பிறகு 2008 வரை பெரிய அளவு பேரிங் வந்தது. அது முந்தையதைவிட வலுவானது. ஆனால் இன்ஜினின் உடலையே பிரித்தாலன்றி அதை வெளியே எடுக்க முடியாது. முந்தைய வகையைக் கியர்பாக்ஸை இறக்கினாலே கழற்றி மாற்றிவிடலாம். அதாவது, திருத்தம் பாகத்தைப் பலப்படுத்திய கையோடு அதை மாற்றும் வழியை அடைத்துவிட்டது. 2009 மாடலில் 911, பாக்ஸ்டர், பாக்ஸ்டரின் மூடிய கூரை வடிவமான கேமன் மூன்றுக்கும் முற்றிலும் புதிய இன்ஜின் வந்தபோது அந்தத் தண்டே இல்லாமல் போனது. ஆக, நல்லது, மோசம், சுமார், பிரச்சினையே இல்லை என்று நான்கு கட்டங்கள். வயதை மட்டும் கணக்குப் பார்ப்பவர் 1999 வண்டியை விட்டுவிட்டு 2003 வண்டியை எடுப்பார். இந்தப் பாகத்தைப் பொறுத்தவரை அவர் கூடுதல் காசு கொடுத்துக் கூடுதல் ஆபத்தை வாங்குகிறார்.

சந்தை இதைப் பார்ப்பதில்லை என்பதற்கு அந்த வண்டியின் முகமே சாட்சி. 996 முதலில் வந்தபோது, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே கண்ணாடிக்குள் உருகி வழிந்ததுபோல் இருந்தன. பாக்ஸ்டருக்கும் அதே விளக்கு. பொரித்த முட்டை என்று ரசிகர்கள் அதற்குக் கேலிப் பெயர் வைத்தார்கள். 2002 மாடலில் 911-க்கு வேறு விளக்கு வந்தது, இன்ஜின் 3.4 லிட்டரிலிருந்து 3.6 லிட்டராகப் பெரிதானது; சக்தி 300-லிருந்து 320 குதிரைத்திறனானது. வாங்குபவர்கள் மகிழ்ச்சியோடு கூடுதல் விலை கொடுத்தார்கள். அந்த அழகிய முகத்துக்குப் பின்னால் இருந்தது அதே ஒற்றை வரிசைப் பேரிங். விளக்கு மாறியதும் சக்தி கூடியதும் கண்ணுக்கும் காதுக்கும் உடனே தெரிகிற மாற்றங்கள். விலை அவற்றின் பின்னால் ஓடுகிறது. இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும் மாற்றங்கள் உலோகப் பெட்டிக்குள் மறைந்திருக்கின்றன. பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் சந்தையில் விவரம் தெரிந்தவருக்கு லாபம் கிடைப்பதும், தெரியாதவருக்கு இழப்பு நேர்வதும் இந்த இடைவெளியில்தான்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. இந்தப் பேரிங்குக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. 2001 முதல் 2005 வரையிலான பாக்ஸ்டர், 911 வண்டிகளில் குறிப்பிட்ட காலத்தில் தயாரானவற்றுக்கு மட்டும் அது பொருந்தியது. வண்டி புதிதாக விற்கப்பட்ட நாளிலிருந்து 10 ஆண்டுகள் அல்லது 1,30,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரைதான் இழப்பீடு. கணக்குப் போட்டால் அந்தக் கெடு எல்லா வண்டிகளுக்கும் என்றோ முடிந்துவிட்டது. இன்று அந்த வண்டியை வாங்குகிறவருக்குப் பேரிங் உடைந்தால் முழுச் சுமையும் அவருடையதே. பாதுகாப்புக் குறை என்றால் அரசு தலையிட்டு வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும். இன்ஜின் நீடித்து உழைக்காதது அந்த வகையில் சேராது. அதனால்தான் வாங்குபவர் இந்த அறிவைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பேரிங் ஒன்றுதான் பிரச்சினை என்றும் நினைத்துவிடக் கூடாது. 996-க்கு அடுத்து வந்த 997 தலைமுறையின் 2005 முதல் 2008 வரையிலான 911-லும், 3.4 லிட்டர் கேமன் எஸ் வண்டியிலும் சிலிண்டர் சுவர் கீறிப்போகும் கோளாறு பேசப்படுகிறது. பிஸ்டனின் மேற்பூச்சு தேய்ந்து, உலோகம் சுவரை நெடுக்குவாட்டில் உரசும்; ஆயில் குடிக்கும்; ஒரு பக்கப் புகைக்குழாயில் மட்டும் கரி படியும்; இன்ஜின் சூடான பிறகு ஒருபுறத்திலிருந்து டக் டக் என்று தட்டும் சத்தம் வரும். இதற்கும் வைத்தியம் இன்ஜினைப் பிரிப்பதுதான். 2009-ல் சிலிண்டர் உலோகமும் மாறியது. நேரடியாக எரிபொருளைப் பீச்சும் முறை வந்தது. 911 கரேரா எஸ் 355-லிருந்து 385 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. ஏழு கியர் கொண்ட பிடிகே தானியங்கி கியர்பாக்ஸும் அப்போதுதான் வந்தது. புதிய இன்ஜினுக்கும் குறை உண்டு. உயரழுத்த பெட்ரோல் பம்ப் பழுதாவது அதில் ஒன்று. ஆனால் பம்ப்பை மாற்றலாம். அது இன்ஜினைக் கொல்வதில்லை. பணவசதி இருந்தால் 2009 அல்லது அதற்குப் பிந்தைய வண்டி என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அந்த ஆண்டுகளின் 911 டர்போ, ஜிடி3 வகைகள் தனிக் கதை. பந்தய இன்ஜினின் வழிவந்த, போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அறியப்படும் வேறொரு இன்ஜின் அவற்றில் இருந்தது. அதற்கு இந்தப் பேரிங் நோய் கிடையாது. ஒரே வருடம், ஒரே 911 என்ற பெயர், ஆனால் உள்ளே வேறு இதயம்.

போர்ஷேக்கு மட்டும் நேர்ந்த விதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானின் ஹோண்டா எஸ்2000 நம்பகமான கார் என்று பெயர் எடுத்தது. 1999-ல் வந்த அதன் 2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை பாடும். ஆனால் முதல் வருடங்களின் வண்டிகளில் மேடு பள்ளத்தில் பின்சக்கரங்களின் கோணம் அதிகமாக மாறும். ஈரச் சாலை வளைவில் அனுபவமில்லாத ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் வால் சட்டென்று சுழன்றுவிடும். 2004 மாடலில் பின் சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள், சக்கரத்தை 16 அங்குலத்திலிருந்து 17 ஆக்கினார்கள், கியர் மாற்றத்தை மேம்படுத்தினார்கள். அமெரிக்க வண்டியில் இன்ஜின் 2.2 லிட்டரானது. 2006-ல் வண்டி சறுக்காமல் பிடித்து நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் அதே வரலாறு. 1990-லும் 1991-ன் முற்பகுதியிலும் வந்த வண்டிகளில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையாக இருந்ததால் அங்குள்ள சாவிப்பள்ளம் தேய்ந்தது. 1991-ன் நடுவில் முனையை நீளமாக்கித் திருத்தினார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த நான்காம் தலைமுறையிலும் 2019 மாடல் ஒரு பெரிய திருத்தம்: அமெரிக்காவில் விற்ற 2 லிட்டர் வண்டியின் சக்தி 155-லிருந்து 181 குதிரைத்திறனானது, உச்சச் சுழற்சி 6,800-லிருந்து 7,500 ஆனது, ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுத்து அமைக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது. 2018 வண்டிக்கும் 2019 வண்டிக்கும் வயதில் ஒரு வருட இடைவெளி. வண்டியில் ஒரு தலைமுறை இடைவெளி.

இந்த வாதத்துக்கு வரும் முதல் எதிர்ப்பு வலுவானது. "வருடம் என்ன செய்யும்? பராமரிப்புதான் முக்கியம், நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய வண்டி, கவனிக்காமல் விட்ட புதிய வண்டியைவிட மேல்" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பாதி உண்மை. நல்ல பராமரிப்பு தேய்மானத்தைத் தள்ளிப்போடும். வடிவமைப்பிலேயே உள்ள குறையைப் போக்காது. மூடிய பேரிங்குக்குள் கிரீஸ் கரைவதை எந்த உரிமையாளரும் துடைத்துச் சரிசெய்ய முடியாது. இன்னும் ஒரு படி மேலே போனால், பராமரிப்பின் அடையாளமாக நாம் கருதும் ஒன்றே இங்கே எதிராகத் திரும்புகிறது. வாரம் ஒருமுறைகூட எடுக்காமல் உறை போட்டு மூடி, வருடத்துக்குச் சில நூறு மைல் மட்டும் ஓட்டிய வண்டியில் ஆயில் பழசாகிக் கெடுகிறது, ஈரம் சேர்கிறது, மூடிகள் காய்ந்து போகின்றன. இந்த இன்ஜின்களை அறிந்த மெக்கானிக்குகள் மீட்டரில் குறைந்த மைல் காட்டும் வண்டியைவிட, தவறாமல் ஓட்டி, அடிக்கடி ஆயில் மாற்றிய வண்டியை விரும்புவதற்குக் காரணம் இதுவே. ஆகவே வருடமும் நிலைமையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டிய கேள்விகள். முதலில் வருடம் தேர்வு வட்டத்தைச் சுருக்கும். அந்த வட்டத்துக்குள் எந்த வண்டி என்பதை நிலைமை தீர்மானிக்கும்.

இரண்டாவது எதிர்ப்பு எண்ணிக்கை சார்ந்தது. பெரும்பான்மை வண்டிகள் உடையவில்லையே. இருபது ஆண்டுகள் தாங்கியது இனியும் தாங்காதா? உண்மைதான், ஒற்றை வரிசைப் பேரிங் கொண்ட ஏராளமான வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் ஆபத்தை எடை போடும்போது எத்தனை பேருக்கு நேர்கிறது என்பதோடு, நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். பவர் விண்டோ மோட்டார் நூற்றுக்கு ஐம்பது வண்டியில் பழுதானாலும் கவலையில்லை. இன்ஜின் நூற்றில் சில வண்டிகளில் சிதறினாலே கவலைப்பட வேண்டும். சேமிப்பைத் திரட்டி ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவருக்குச் சராசரி எந்த ஆறுதலும் தராது. அவருடைய வண்டி ஒன்றுதான். இதுவரை தாங்கியது என்பதும் முழு உத்தரவாதமாகாது. தேய்மானம் உள்ளே நடந்துகொண்டிருப்பது வெளியே தெரியாத பாகம் அது.

மூன்றாவது எதிர்ப்பு பணம். 2009-க்குப் பிந்தைய 911 விலை அதிகம், எல்லோராலும் முடியாது. இந்த இடத்தில் என் வாதத்தை விரித்துச் சொல்ல வேண்டும். பிழை நீங்கிய வண்டி என்றால் தொழிற்சாலை திருத்தியதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. முந்தைய உரிமையாளர் திருத்தியதாகவும் இருக்கலாம். 2000-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட வண்டியில், கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியபோதே பேரிங்கையும் தரமான மாற்றுப் பேரிங்காக மாற்றியிருந்தால், கூலியில் பெரும்பகுதி ஒரே முறைதான் ஆகியிருக்கும். அதற்கான ரசீது கையில் இருந்தால், அந்த வண்டி அதே விலையில் நிற்கும் 2006 வண்டியைவிட நல்ல தேர்வாகலாம். காரணம் எளிது: ஒன்றின் நோய் தெரியும், மருந்தும் கொடுத்தாகிவிட்டது, மற்றொன்றின் பாகத்தை எட்டவே முடியாது. ஆனால் ரசீதைக் கவனமாகப் படிக்க வேண்டும். எந்தப் பேரிங், எத்தனையாவது மைலில், யார் மாற்றியது? மாற்றுப் பேரிங்குகளிலும் சிலவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடி மாற்ற வேண்டும். சில வகைகள் பழைய 911-ஐப் போல ஆயில் அழுத்தத்தில் மிதக்கும் முறைக்கே திரும்பியவை. "பேரிங் வேலை எல்லாம் முடிஞ்சிருச்சு" என்ற வாய்ச்சொல்லுக்கு விலை கொடுக்கக் கூடாது.

நான்காவது எதிர்ப்பு ரசிகர்களுடையது. முதல் வருட வண்டியில்தான் வடிவமைப்பாளரின் மனம் கலப்படமில்லாமல் இருக்கிறது, பிந்தைய திருத்தங்கள் அதைச் சாதுவாக்கிவிட்டன என்பார்கள். எஸ்2000-ன் 9,000 சுற்று அமெரிக்காவில் 2004-க்குப் பிறகு 8,000 ஆகக் குறைந்ததை அவர்கள் இழப்பாகவே பார்க்கிறார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன், அது உண்மையும்கூட. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில் பகுத்தறிவுக்கு இருக்கும் அதே உரிமை ஆசைக்கும் உண்டு. என் வாதம் முதல் வருட வண்டியைத் தொடாதே என்பதில்லை. எதை விரும்பி எதை ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். பின்சக்கரத்தின் குணம் தெரிந்து, நல்ல டயர் போட்டு, மழையில் நிதானம் காப்பவர் 2000 எஸ்2000-ஐ மனதார வாங்கலாம். அதே வண்டியை அந்தக் குணம் தெரியாமல் வாங்குகிறவர் முதல் மழைக்காலத்திலேயே ஆபத்தில் இருக்கிறார். பிழை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் அதை ஏற்பதும் மறுப்பதும் வாங்குபவரின் சுதந்திரம்.

வருடத்தைத் தேர்ந்த பிறகு, அது உண்மையில் அந்த வருடம்தானா என்று உறுதிசெய்வது அடுத்த வேலை. மாடல் வருடமும் வண்டி தயாரான நாளும் பதிவான நாளும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். அமெரிக்காவில் 2005 மாடல் என்று விற்பனையாகும் வண்டி 2004-ன் இரண்டாம் பாதியிலேயே தயாராகியிருக்கலாம். 17 இலக்கச் சேசிஸ் எண்ணில் பத்தாவது இலக்கம் மாடல் வருடத்தைச் சொல்லும்: 2001-க்கு 1, 2005-க்கு 5, 2009-க்கு 9, 2010-லிருந்து ஆங்கில எழுத்துகள். கலப்பு வருடங்களில் அதுவும் போதாது. இன்ஜின் எண்ணையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்ஜினே மாற்றப்பட்டிருக்கலாம். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது பேரிங் மூடியின் நடுவிலுள்ள நட்டின் அளவே, மாற்றக்கூடிய பழைய வகையா, எட்ட முடியாத பெரிய வகையா என்று காட்டிவிடும். அடுத்து, அந்த இன்ஜினை அறிந்த மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து ஒரு முழுச் சோதனை. ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளுக்குள் சிக்கியிருப்பதைக் காந்தத்தால் தடவிப் பார்ப்பார்: காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான துகள் என்றால் எஃகு தேய்கிறது, எச்சரிக்கை, பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கு என்றால் சங்கிலியைத் தாங்கும் பட்டையிலிருந்து வந்தது. சிலிண்டருக்குள் சிறிய கேமராவை இறக்கி நெடுக்குக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். கீறல் பெரும்பாலும் அடிப்பக்கம் இருப்பதால் ஆயில் தொட்டியைக் கழற்றிக் கீழிருந்து பார்ப்பதே நம்பகமானது. இன்ஜின் கணினி, எல்லைக்கு மேல் எத்தனை முறை சுழன்றது, இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்பதையெல்லாம் பதிந்து வைத்திருக்கும். அந்த மணிக்கணக்கை மீட்டர் காட்டும் மைலோடு ஒப்பிட்டால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதும் புலப்படும். இந்தச் சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது.

இந்தியாவில் இத்தகைய வண்டிகள் சொற்பம். தயாராகி மூன்றாண்டுகளைத் தாண்டிய பழைய காரை இங்கே இறக்குமதி செய்ய விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே இந்தத் தேர்வை நேரடியாகச் செய்யும் தமிழர்கள் பெரும்பாலும் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் வாழ்பவர்களே. ஆனால் வருடத்தை வயதாக மட்டும் படிக்கும் பழக்கம் நம் ஊர்ச் சந்தையிலும் ஆழமாக இருக்கிறது. "2016 மாடல் சார், சிங்கிள் ஓனர்" என்று சொல்லும்போது பெரும்பாலும் பதிவு வருடத்தையே சொல்கிறார்கள், ஆர்.சி.யில் தயாரான மாதமும் வருடமும் தனியே இருக்கின்றன. அந்த மாதத்தின் வண்டியில் எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்தத் திருத்தம் என்று கேட்பவர் குறைவு. 15 ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஒரு எண்ணையே வண்டியின் முழு ஆயுளாக நினைத்துவிடுகிறோம்.

இதில் தனிமனிதர்களின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பியிருப்பது நியாயமில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் தயாரிப்பாளர் அறிவார். பாகத்தின் எண் மாறுகிறது, பட்டறைகளுக்குச் சுற்றறிக்கை போகிறது. அமெரிக்காவில் அத்தகைய சுற்றறிக்கைகளைச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறது. இந்தியாவில் 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் சார்ந்த குறைகளுக்கே அது. வண்டி எத்தனை காலம் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மாற்றங்களுக்கும் வெளிப்படைத்தன்மை வேண்டும். எந்த வருடத்தில், எந்தச் சேசிஸ் எண்ணிலிருந்து எந்த முக்கியப் பாகம் மாறியது என்பதைத் தயாரிப்பாளர்கள் வெளியிட வேண்டும். ரகசியம் காப்பதால் அவர்களுக்கு வரும் நன்மை சிறிது. இரண்டாவது, மூன்றாவது உரிமையாளருக்கு வரும் இழப்பு பெரிது. அதுவரை வாங்குபவர் தானே அந்தப் பட்டியலைத் தேடி எழுதிக்கொள்ள வேண்டும். வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே அந்த மாடலின் பெரிய பிழை எது, அது எப்போது திருத்தப்பட்டது, திருத்தப்படாததில் என்ன மருந்து உண்டு என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். நிறம், உட்புறத் தோல், மீட்டர் காட்டும் மைல், விலைப் பேரம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.